‘மீள்நிறுவல்’ வேண்டாம், ‘மறுநிறுவல்’ போதும்

அன்புடையீர்,

கணினியின் வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) மாற்றிய பின், புதிய தட்டில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை மறுபடி நிறுவுவதற்கு, மென்பொருள் மொழிபெயர்ப்பில் ‘மீள்நிறுவல்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ‘நிறுவல்’ பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அது வேரூன்றிவிட்டது. தயக்கமெல்லாம் ‘மீள்’ பற்றியதே.

மீட்சி, மீட்பு, மீட்டெடுத்தல் என எங்கு வந்தாலும் ‘மீள்’ என்பது போன ஒன்று திரும்பி வருவதைச் சொல்கிறது. ‘மறு’ அப்படியன்று; மறுமணத்திலும் மறுபிறவியிலும் பழையது திரும்புவதில்லை, அதே வகைச் செயல் இன்னொரு முறை நிகழ்கிறது. ‘மீள்பதிப்பு’ என்றும் வழங்குகிறதே எனலாம். அங்கே அதே உரை திரும்ப அச்சேறுவதால் அது பொருந்துகிறது. நம் செயலிலோ, யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடக்கி, வெற்றுத் தட்டில் பகிர்வுகளை (தட்டைப் பிரிக்கும் பகுதிகளை) அமைத்து, இயங்குதளத்தை நிறுவி முடித்த பின் பழைய தட்டிலிருந்த ஒரு கடிதமோ ஒளிப்படமோ அங்கே இருப்பதில்லை. ‘மீள்’ என்று படித்தவர் அவையும் மீளும் என எதிர்பார்த்தால் குற்றம் அவருடையதன்று.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உறவினர் ஒருவருக்கு இந்த வேலையில் தொலைபேசி வழியே உதவியபோது, காப்பு நகலைக் கொண்டுவரும் பொத்தானிலும், எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் தள்ளும் பொத்தானிலும் ‘மீட்டமை’ என்றே எழுதியிருந்தது. நான் ‘மீட்டமையை அழுத்துங்கள்’ என்றேன், அவரும் அழுத்தினார். அரை நாள் உட்கார்ந்து நகலெடுத்த கோப்புகள் போயின.

வன்தட்டை அப்படியே பிரதி செய்வதையும் ‘மீள்நிறுவல்’ என்ற சொல்லிலேயே அடக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பகிர்வில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை ஒன்று உருவாகும்போது அதற்கென யூயூஐடி என்ற அடையாள எண் அமைகிறது. புதிதாக நிறுவினால் எண்ணும் புதிது. படியெடுத்தால் பழைய எண்ணே வந்து சேரும். எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது எனப் பட்டியலிடும் லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பு பெரும்பாலும் இந்த எண்ணைக் கொண்டே பகிர்வுகளை அடையாளம் காண்பதால், படியெடுத்த தட்டையும் பழைய தட்டையும் ஒரே கணினியில் விட்டுவைத்தால் எது எதுவென்ற குழப்பம் நேரும். கணினியே வேறுபடுத்தும் இரண்டு செயல்களை நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்? அதற்குப் ‘படியெடுத்தல்’ என்ற பழஞ்சொல்லே போதும்.

புதிய தட்டுக்கு இது முதல் நிறுவல்தானே, ‘மறு’ எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. தட்டை வைத்துப் பார்த்தால் முதன்முறைதான். ஆனால் நாம் நிறுவுவது கணினிக்காக. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் எண்ணிம (டிஜிட்டல்) உரிமமும் பெரும்பாலும் தாய்ப்பலகையை (மதர்போர்டு) ஒட்டியே நிற்பதால், வன்தட்டை மட்டும் மாற்றி அதே பதிப்பை நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் பொதுவாகத் தானே செயற்படுகிறது. கணினியின் கணக்கில் இது இரண்டாம் முறையே.

‘மறு’ என்றதும் மறுத்தல் நினைவுக்கு வருமாம். மறுமணப் பத்திரிகையைப் பார்த்து எவரும் திருமணத்தை மறுத்துவிட்டார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. புணர்ச்சி விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால் ‘மீள்நிறுவல்’தான் ‘மீணிறுவல்’ ஆகி, ஏதோ மீன் வகை போல ஒலிக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பேன். ‘மறுநிறுவல்’ பெயராக நன்றாக நிற்கிறது, வினையாக நிற்கவில்லை. ‘கணினியை மறுநிறுவினேன்’ என்று யாரும் பேசுவதில்லை. ஆகவே ஆவணத் தலைப்பில் ‘மறுநிறுவல்’ என்றும், பொத்தானில் ‘மீண்டும் நிறுவு’ என்றும் இருக்கட்டும். அந்தப் பொத்தானின் கீழேயே ‘உங்கள் கோப்புகள் திரும்ப வரா’ என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா என்பதை மொழிபெயர்க்கும் நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.