டே டிரேடிங்க மட்டும் நம்பி குடும்பம் நடத்த முடியுமாங்க?

பனியன்சிட்டி:
எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன், சம்பளம் 28 ஆயிரம். கொஞ்ச நாளா காலைல 9.15க்கு மார்க்கெட் ஓபன் ஆனதும் மொபைல்லயே இன்ட்ராடே (ஷேர அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கறது) பண்றேன், சில நாள் 1500 வருது சில நாள் அதே அளவு போகுது. கையில 2 லட்சம் இருக்கு, மாசம் 30 ஆயிரம் எடுத்தா போதும், அதனால வேலைய விட்டுட்டு முழுநேரமா இறங்கலாமான்னு ஒரே யோசனை. வீட்ல இன்னும் சொல்லல. நெஜமாவே இதுல மட்டும் பொழைக்கறவங்க இருக்காங்களா?

ஈரோடு_அண்ணன்:
தம்பி, வேலைய மட்டும் இப்ப விட்றாதீங்க. நான் சப்-புரோக்கர் ஆபீஸ்ல இருக்கறவன், தினமும் கான்ட்ராக்ட் நோட் (ஒவ்வொரு டிரேடுக்கும் புரோக்கர் தர்ற பில்) பாக்கறேன். 2 லட்சத்துல மாசம் 30 ஆயிரம்னா மாசாமாசம் 15 சதவீதம் வரணும். அதுக்கு முன்னாடி செலவப் பாருங்க. 1 லட்சத்துக்கு ஷேர் வாங்கி அன்னைக்கே வித்தா புரோக்கரேஜ் ரெண்டு பக்கமும் 20, 20, விக்கறப்ப எஸ்டிடி (ஷேர் வியாபாரத்துக்கான வரி) 25, அப்பறம் எக்ஸ்சேஞ்ச் சார்ஜ், ஸ்டாம்ப் டியூட்டி, ஜிஎஸ்டின்னு மொத்தம் 80 ரூபா கிட்ட வந்துரும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பண்ணா 400, மாசத்துக்கு 20 நாள்னா 8 ஆயிரம். லாபம் வந்தாலும் வராட்டியும் இத கட்டியே ஆகணும். அஞ்சு மடங்கு மார்ஜின் (நம்ம பணத்தவிட அஞ்சு மடங்குக்கு வாங்க புரோக்கர் தர்ற வசதி) கெடைக்குதேன்னு பெருசா எடுத்தீங்கன்னா ஷேர் 4 சதவீதம் எதிர்ல போனாலே போட்ட பணத்துல 20 சதவீதம் காலி.

நிஃப்டி_வாசகர்:
ப்ரோ யூடியூப்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கற செபியே கணக்கு எடுத்து போட்டுருக்கு. 2024 ஜூலைல வந்த ரிப்போர்ட்ல கேஷ் இன்ட்ராடே (நேரடியா ஷேர்லயே) பண்றவங்கள்ல 10க்கு 7 பேர் நஷ்டம் (2022-23 கணக்கு), வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல போடறவங்கள்ல 80 சதவீதம் நஷ்டம். அதாவது நீங்க முழுநேரமா இறங்குனா போய் நிக்கப்போற கூட்டம் அதுதான். எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்னு ஷேர் விலைய வெச்சு போடற ஒப்பந்தம்) இன்னும் மோசம், 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. அந்தப் பக்கம் லாபம் எடுத்தது பெரும்பாலும் ப்ராப் கம்பெனிங்களும் (சொந்தக் காசுல டிரேட் பண்ற கம்பெனிங்க) ஃபாரின் ஃபண்டுங்களும், அதுவும் முக்கால்வாசிக்கு மேல அல்கோ (தானா ஆர்டர் போடற கம்ப்யூட்டர் புரோகிராம்) வெச்சுதான். நாம மொபைல்ல விரல் வெக்கறதுக்குள்ள அவங்க ஆர்டர் முடிஞ்சிருக்கும், இத நெனச்சாலே எனக்கு ஆத்திரமா வருது, நம்ம பசங்க சம்பளக் காசு அது.

கேண்டில்_கார்த்தி:
முடியவே முடியாதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஏரியால ஒரு அண்ணன் பல வருஷமா ஆப்ஷன் செல்லிங் பண்றார், வேற வேலை கெடையாது. ஆனா அவர்கிட்ட கேபிடல் கோடிக்கு மேல, சொந்த வீடு, அண்ணிக்கு கவர்மென்ட் வேலை, நஷ்டமான மாசம் அக்கவுண்ட்ல இருந்து பத்து பைசா எடுக்க மாட்டார். மாசம் 1ஆம் தேதி வாடகை கட்டணும்ங்கற நெருக்கடி இருந்தா ஸ்டாப் லாஸ் (இவ்ளோ நஷ்டம் வந்தா வெளிய வந்துரணும்னு முன்னாடியே போடற ஆர்டர்) போட கை வராது, திருப்பி எடுத்துரலாம்னு அடுத்த டிரேட் போடத் தோணும், அங்கதான் நெறைய பேர் மாட்டறாங்க. அதனால சம்பளத்த விடாம சின்ன குவான்டிட்டில பண்ணுங்க ப்ரோ, செலவு டாக்ஸ் எல்லாம் போக ஒரு ரெண்டு வருஷக் கணக்கு பிளஸ்ல நின்னா அப்ப பேசலாம்.

கணக்கு_அக்கா:
டாக்ஸ் ஆபீஸ்ல ரிட்டன் போடற வேலை எனக்கு, அதனால ஒண்ணு சொல்றேன். இன்ட்ராடே லாபம் ஸ்பெகுலேட்டிவ் (ஊக வணிக) பிசினஸ் வருமானம், உங்க ஸ்லாப்படி வரி. நஷ்டம் ஆச்சுன்னா சம்பளத்துல கழிக்க முடியாது, நாலு வருஷம் வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம், அதுவும் ஸ்பெகுலேட்டிவ் லாபத்துல மட்டும்தான் கழியும். இன்னொன்னு, சம்பள ஸ்லிப் இல்லாம நாளைக்கு வீட்டு லோன் கேட்டா பேங்க்ல எவ்ளோ இழுப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. வீட்ல சொல்லாம இந்த முடிவு எடுக்காதீங்க தம்பி, மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க.

பனியன்சிட்டி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். செலவு கணக்க இப்படி உக்காந்து பாத்ததில்ல, இந்த வாரமே கான்ட்ராக்ட் நோட் எல்லாம் எடுத்து கூட்டிப் பாக்கறேன். வேலைய விடல. அக்கா, எனக்கு வருமான வரி ரிட்டன் ஐடிஆர்-1 ஃபார்ம்ல தான் போடறாங்க, இன்ட்ராடேய அதுலயே காட்டலாமா?

கணக்கு_அக்கா:
முடியாது தம்பி, ஐடிஆர்-3 போடணும். புரோக்கர் ஆப்ல டாக்ஸ் ரிப்போர்ட் இருக்கும், அத டவுன்லோட் பண்ணி ஆடிட்டர்கிட்ட குடுங்க. நஷ்டம்னாலும் கடைசி தேதிக்குள்ள போட்டாதான் அடுத்த வருஷத்துக்கு கொண்டு போக முடியும்.