160 பக்கத் தலவரலாறு, 22 படங்கள்: உள்பக்கம் முழுக்க மல்டிகலர் தேவையா?

கேள்வி: படிதிருத்தி
கோயில் தலவரலாற்று நூல், டெமி 1/8 (புத்தக அளவு), 160 பக்கம், 600 பிரதி, ஆஃப்செட் (பிளேட் வைத்து அடிப்பது). படங்கள் 22: பழைய கறுப்பு வெள்ளை 9, கல்வெட்டு 5, சுவரோவியம் 8. ரேப்பர் (மேலட்டை) எப்படியும் மல்டிகலர்தான். உள்ளேயும் முழுக்கக் கலர் போடச் சொல்கிறார் நன்கொடையாளர். அந்தச் செலவு தகுமா?

பதில்: பாரம்16
தகாது. பிளேட் (அச்சுத் தகடு) கணக்கைப் பாருங்கள். ஒரே தாளில் அடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு பாரம் என்றால் உங்களுக்கு 10 பாரம். தாளின் ஒரு புறம் 8 பக்கம் வரும் மெஷினில், கறுப்பு மட்டும் என்றால் பாரத்துக்கு 2 பிளேட், மொத்தம் 20. மல்டிகலர் என்றால் நான்கு மை, மைக்கு ஒரு பிளேட்; பாரத்துக்கு 8, மொத்தம் 80. எழுத்துக்குக் கறுப்பு பிளேட்டே போதும்; மற்ற 60 பிளேட்டில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும்.

சுவரோவியம் எட்டையும் 8 பக்க அரைப் பாரமாக ஆர்ட் பேப்பரில் (பூச்சுள்ள வழவழப்பான தாள்) தனியே அடியுங்கள். எட்டுப் பக்கத்தையும் ஒரே செட் பிளேட்டில் ஏற்றி, ஒரு புறம் அடித்துத் தாளைத் திருப்பி, அதே பிளேட்டில் மறுபுறமும் அடித்து நடுவில் வெட்டினால் தாளுக்கு 2 பிரதி. 4 பிளேட், 300 தாள், வேஸ்டேஜுக்கு இன்னொரு 100. கறுப்புக்கான 20ஐயும் சேர்த்து, ஆக மொத்தம் 24 பிளேட்டில் உள்பக்க வேலை முடியும்.

பதில்: கறுப்புமை
கல்வெட்டுக்கு வேண்டியது கான்ட்ராஸ்ட், கலர் இல்லை. பழைய படங்களை நான்கு மையில் அடித்தால் கெடுதலே: ஒரு மை கொஞ்சம் ஏறினாலும் படம் பச்சையடிக்கும், அல்லது செம்மை பூசும். கிரேஸ்கேலாக (கறுப்பு, சாம்பல் மட்டும்) மாற்றிக் கொடுங்கள். உள்பக்கத்துக்கு மேப்லித்தோ (பூச்சில்லாத சாதாரண தாள்) என்றால், அது மையை உறிஞ்சிப் படத்தின் மைப்புள்ளிகளைப் பரப்பிவிடும். அதனால் திரையில் சரியாகத் தெரியும் படம் தாளில் இருண்டு போகும். நடு டோனை முன்கூட்டியே வெளுக்கவைத்து, அடர்ந்த இடத்தை 90 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

சந்தேகமான படத்தைச் சாதாரண லேசர் பிரிண்டரில் கறுப்பில் எடுத்துப் பாருங்கள். படத்தின் அடியில் எழுதியிருக்கும் விளக்கம் சொல்வது படத்தில் தெரிந்தால் கலர் வேண்டாம். 'செம்மண் நிறப் பின்னணி' என்று எழுதிவிட்டுச் சாம்பலைக் காட்ட முடியாது.

பதில்: இரவுஷிப்ட்
பிரதியை 200க்குக் குறைத்தால் டிஜிட்டலுக்கும் விலை கேளுங்கள். பிளேட் இல்லை, பக்கக் கணக்குதான். ஆனால் வேர்டிலிருந்து வரும் ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பு நான்கு மையாகப் பிரியும். வெறும் எழுத்துப் பக்கத்துக்கும் கலர் கட்டணம் விழலாம். ஆஃப்செட்டில் அதுவே ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகி எழுத்தோரம் நிழலாடும். அக்ரோபேட்டில் அவுட்புட் ப்ரிவ்யூ திறந்து பிளாக் டிக்கை எடுங்கள். எழுத்து மறைய வேண்டும். மறையாவிட்டால் பிடிஎஃப் தப்பு.

படிதிருத்தி:
சுவரோவிய அத்தியாயம் 71ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. எட்டுப் பக்கத்தை அங்கேயே செருகலாமா?

பாரம்16:
முடியாது, அது பாரத்தின் (65 முதல் 80 வரை) நடு. 64க்குப் பின் அல்லது 80க்குப் பின். 80 சரி, அத்தியாயத்துக்குள்ளேயே வரும். கலர்ப் பக்கங்களுக்கு எண் போடாதீர்கள், பொருளடக்கம் நகராது. படத்துக்கு மட்டும் 'வண்ணப்படம் 1' என்று எண் கொடுத்து உரையில் சுட்டுங்கள்.