மறு: பேட்டரி பிளாட்ஃபார்முக்கு என்ன சொல்? பூட்டினம் சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> கார்ட்லெஸ் = கம்பியில்லா, பேட்டரி பிளாட்ஃபார்ம் = மின்கலத் தளம். இவை போதாவா?

போதா ஐயா. பேட்டரி பிளாட்ஃபார்ம் என்பது ஒரே வகைப் பேட்டரியை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளும் மின்கருவிக் குடும்பம். எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். 'கம்பியில்லா'வைத் தந்திக் காலத்திலேயே வயர்லெஸ் பிடித்துக்கொண்டது. 'கம்பியில்லா டிரில்' என்றால் புளூடூத்தில் ஓடுமோ என்று கேட்பார்கள். இங்கே இல்லாமற்போனது சுவரில் செருகும் வடம் மட்டுந்தான். 'வடமில்லா' என்போம். தேர்வடம் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

சிக்கல் 'தள'த்தில்தான். இணையதளம், தரைத்தளம், இயங்குதளம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே முதுகு வளைந்து நிற்கிறது. அதைவிட, விஷயத்தையே அது சொல்லவில்லை. கடைக்குப் போகிறவர் டிரில் வாங்குவதாக நினைக்கிறார். உண்மையில் தேர்ந்தெடுப்பது பேட்டரியை. அடுத்த ஆண்டு வேலிச்செடி வெட்டும் கருவி, பிறகு புல்வெட்டி, இலை ஊதி என்று போகும்போது அதே வகையில் 'பாடி மட்டும்' (பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல்) வாங்கினால் போதும். வகை மாறினால் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மறுபடி அழ வேண்டும்.

வோல்ட் பொருந்தினால் போதாதா என்றால், போதாது. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் கலங்கள் ஐந்து தொடராக இருக்கும். எந்தக் கம்பெனியைப் பிரித்தாலும் இதே கணக்கு. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தொடுவதால், ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதை டிவால்ட் அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்கிறது. சரக்கு ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஆனாலும் ஒரு கம்பெனியின் பேட்டரி பொதுவாக இன்னொன்றின் கருவியில் ஏறாது. தடுப்பது, அது சறுக்கி உட்காரும் பள்ளமும் தொடுமுனைகளும்.

ஏர் பூட்டுவதை நினைத்துப் பாருங்கள். காலையில் ஏர், பிறகு கவலை (கிணற்று நீர் இறைப்பு), சாயங்காலம் வண்டி. மாடு அதே சோடிதான். பேட்டரி 'டக்'கென்று மாட்டிக்கொள்வதும் பூட்டுவதுதானே? ஆகவே கழற்றி மாட்டும் பேட்டரிக்குப் 'பூட்டுக்கலம்', அதை ஏற்கும் கருவிக் குடும்பத்துக்குப் 'பூட்டினம்'. (முதலில் 'கலக்குடும்பம்' என்று எழுதினேன். 'கலக்கு' என்று வாசித்து வீட்டில் சிரித்துவிட்டார்கள்.)

புழங்கிப் பார்ப்போம்: "ரையோபியின் 18 வோல்ட் பூட்டினம் 1996-இல் வந்தது, அந்தக் காலத்து டிரில்லிலும் இன்றைய லித்தியம் பூட்டுக்கலத்தைப் பூட்டலாம்." "மெட்டபோ 2018-இல் தொடங்கிய கூட்டணியில் பல கம்பெனிகள் ஒரே பூட்டினம்." உறுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

விலை ஒப்பிட இன்னொரு சொல்லும் வேண்டும். பேட்டரியின் கொள்ளளவாகப் போட்டிருக்கும் ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒன்று 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி; மற்றது 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி: பெருக்கினால் இரண்டிலும் இருக்கும் ஆற்றல் 90 வாட்-மணி. விலையை வாட்-மணியால் வகுத்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். அதற்கு 'வாட்-மணி விலை' என்றே வைக்கலாம். திருகாணி முடுக்குகிறவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தோட்டக்காரருக்குத் தேவை: 500 வாட் இழுக்கும் ஊதி அந்த 90-ஐப் பதினோரு நிமிடத்தில் குடித்துவிடும்.

பூட்டு என்றதும் திண்டுக்கல்தான் நினைவுக்கு வரும் என்பீர்கள். அதுவும் பொருத்தந்தான், வாங்குகிறவரும் சேர்ந்தல்லவா பூட்டப்படுகிறார்!

அன்புடன்.

— — —

தம்பி, பூட்டுக்கலத்துக்கு என் கை உயர்ந்தது. பூட்டினம் மட்டும் வேண்டாம். எங்கட யாழ்ப்பாணப் பேச்சில 'பூட்டினம்' எண்டால் 'பூட்டுகிறார்கள்'. "கடையைப் பூட்டினம், கெதியா வா" எண்டுதான் காதில விழும். 'ஒருபூட்டு' எப்படி? 'ஒருபூட்டுக் கருவிகள்', 'இது அந்த ஒருபூட்டில் சேராது' எண்டு இரண்டு விதமாயும் வருது.

இன்னொன்று. சின்னத் திருகாணி முடுக்கிகள் சிலதில பேட்டரி உள்ளேயே இருக்கும், கழற்ற ஏலாது. கலம் செத்தால் கருவியும் செத்தது மாதிரித்தான். அதுக்கும் ஒரு சொல் வேணும். 'உட்கலம்' எண்டு நான் குறிச்சு வைச்சிருக்கிறன். நல்லது அகப்பட்டால் சொல்லுங்கோ.