அல்கோல் மங்கவே இல்லையே, அட்டவணை தப்பா?

இரவுநோக்கி:
வணக்கம். அட்டவணையில் 18-ம் தேதி 19:40-க்கு, அவ்வப்போது மங்கி மீளும் அல்கோல் விண்மீனின் மினிமம் (மிக மங்கலாகும் நேரம்) என்று போட்டிருந்தது. அன்று இரவு 7.30 முதல் 9.30 வரை வெறும் கண்ணால் பார்த்தேன். அதற்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கும் ரோ பெர்சி என்ற விண்மீனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிவரை அல்கோல் பளிச்சென்றுதான் இருந்தது. எங்கே தவறு? எங்கள் கடிகாரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால்.

மாறொளி:
அட்டவணை சரிதான். 19:40 என்பது உலக நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 19-ம் தேதி அதிகாலை 1:10 வருகிறது. தேதியே மாறிவிடுவதால் இந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள்.

அல்கோலின் மங்கலான துணை விண்மீன் குறுக்கே வந்து அதன் ஒளியை மறைப்பதால்தான் இந்த மங்கல். மறைப்பு மொத்தம் ஏறக்குறைய 10 மணி நேரம் நடக்கும். அதாவது அன்றைக்கு இரவு 8 மணி வாக்கில்தான் தொடங்கியிருக்கும். தொடங்கியதும் சட்டென்று இறங்காது. முதல் ஒன்றரை மணி நேரத்தின் இறக்கம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் எழுந்து போன பிறகுதான் விஷயமே ஆரம்பித்திருக்கிறது. மினிமத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒளியெண் (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) 2.1-லிருந்து 3.4-க்குப் போகும், ஒளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும்.

அடுத்ததை நீங்களே கணக்கிடலாம். ஒரு மினிமத்திலிருந்து அடுத்ததற்கான சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். ஆகவே 21-ம் தேதி இரவு 9:59, அதற்கடுத்தது 24-ம் தேதி மாலை 6:48. மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் முந்திக்கொண்டே வந்து பகலுக்குள் போய்விடும். ஏழு சுற்று சேர்ந்தால் 20 நாள் 1 மணி 43 நிமிடம், அதனால் 21-ம் தேதி மறைப்பு இருபது நாள் கழித்து இரவு 11:42-க்கு வரும். 21-ஐ விடாதீர்கள், அருமையான நேரம்.

துருவக்கண்:
நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒப்பிட எடுத்த விண்மீனே சரியில்லை. ரோ பெர்சி தானே ஒரு மாறும் விண்மீன், 3.3-க்கும் 4.0-க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கும். போதாததற்குச் செந்நிறம் வேறு. அளக்கும் கோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது? அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஒப்பிட வேறு விண்மீன்கள் உண்டு, அடைப்பில் அவற்றின் ஒளியெண். மங்காத நிலைக்கு அல்மாக் (2.1), அல்கோலுக்கு மேற்கே 12 பாகை தள்ளி இருக்கிறது. பாதி இறங்கியதும் எப்சிலான் பெர்சி (2.9), டெல்டா பெர்சி (3.0). அடிமட்டத்துக்கு முக்கோணக் கூட்டத்தின் ஆல்பா (3.4). சில விண்மீன் வரைபடங்களில் இந்த ஒளியெண்களைப் புள்ளி இல்லாமல் 30, 34 என்று அச்சிட்டிருப்பார்கள். புள்ளி வைத்தால் அதை இன்னொரு விண்மீன் என்று நினைத்துவிடுவோம் என்பதால்தான்.

மதிப்பிடும்போது டெல்டாவைவிடக் கொஞ்சம் மங்கல், ஆல்பாவைவிடக் கொஞ்சம் பிரகாசம், சரிபாதியில் நிற்கிறது என்றால் 3.2 என்று எழுதுங்கள். அல்மாக் ஆரஞ்சு நிறம். உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஆகவே இங்கொரு பார்வை, அங்கொரு பார்வை, சட்டென்று முடிவு. இரண்டு விண்மீன்களையும் இணைக்கும் கோட்டுக்கு உங்கள் இரு கண்களும் இணையாக வரும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மேலொன்று கீழொன்றாகப் பார்த்தால் கண் ஏமாறும். ஒப்பிடும் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அடிவானத்தை ஒட்டி 30 பாகைக்குக் கீழே போய்விட்டால் காற்று விழுங்கும் ஒளியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இரவுநோக்கி:
ரொம்ப நன்றி. மினிமம் சரியாக எத்தனை மணிக்கு என்று கண்ணாலேயே பிடிக்க முடியுமா? இரண்டாவது மறைப்பும் உண்டு என்கிறார்களே?

மாறொளி:
இரண்டாவதை மறந்துவிடுங்கள். மங்கலான ஆரஞ்சு விண்மீன் வெள்ளை விண்மீனுக்குப் பின்னால் போகும்போது ஒளியெண்ணில் 0.1 அளவுகூட மங்காது. கருவி இல்லாமல் தெரியாது.

மினிமம் நேரத்தைப் பிடிக்கலாம். ஆனால் “இப்போதுதான் மிக மங்கல்” என்று கண்ணால் குறிக்காதீர்கள். அடிமட்டத்தில் இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அந்தக் கணிப்பு அரை மணி நேரம்கூடத் தவறும். வேகமாக மாறும் இரு சரிவுகளில்தான் துல்லியம். 15 நிமிடத்துக்கு ஒரு மதிப்பீடு எழுதி, வரைதாளில் வளைவு போடுங்கள். இறங்கும்போது 3.0 இரவு 11:50-க்கும் ஏறும்போது அதே 3.0 அதிகாலை 2:20-க்கும் வந்தால் நடுப்புள்ளி 1:05. இதேபோல 2.6, 2.8 மட்டங்களிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். முன்பு எழுதியதைப் பார்க்காமல் ஒவ்வொரு மதிப்பீட்டையும் எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் எதிர்பார்ப்பே வளைவாகிவிடும்.

துருவக்கண்:
ஒன்று சேர்க்கிறேன். 1783-ல் வானியலாளர் ஜான் கூட்ரிக் இந்தச் சுற்றுக்காலத்தை அறிவித்தபோது அவரிடமும் இந்த முறையைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. இருண்ட துணை ஒன்று குறுக்கே வருகிறது என்ற யோசனையையும் அப்போதே சொன்னார். 21-ம் தேதி மதிப்பீடுகளை நேரத்தோடு இங்கே போடுங்கள், வளைவு போட்டுப் பார்ப்போம்.