எம்87 தாரை ஒளியை முந்துகிறதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எம்87 விண்மீன் திரளின் கருவிலிருந்து பீறிடும் தாரையில் (குறுகிய கற்றையாகப் பாயும் பொருளில்) உள்ள சில முடிச்சுகள், அதாவது பிரகாசமான திரட்சிகள், ஒளியைப் போல 6 மடங்கு வேகத்தில் நகர்வதாக, ஹபிள் தொலைநோக்கி 1990-களில் எடுத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். எந்தப் பொருளும் ஒளியை முந்தாது என்று படித்த எனக்கு இது நெருடுகிறது. தொலைவைத் தவறாக அளந்துவிட்டார்களா?

பதில் 1:
தொலைவில் கோளாறு இல்லை. சுமார் 5.5 கோடி ஒளியாண்டு என்பது பல வழிகளில் சரிபார்க்கப்பட்ட அளவு. தாரை ஏறத்தாழ நம்மை நோக்கியே வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பார்வைக் கோட்டுக்கு 17 பாகை சாய்வில், ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் ஒரு முடிச்சு 100 ஆண்டுகள் பயணம் செய்வதாகக் கொள்ளுங்கள். அது நம் பக்கமாக 94.7 ஒளியாண்டும் பக்கவாட்டில் 28.9 ஒளியாண்டும் நகர்ந்திருக்கும். கடைசியில் அது உமிழ்ந்த ஒளி, தொடக்கத்தில் உமிழ்ந்த ஒளிக்குப் பின் 5.3 ஆண்டுகளிலேயே நம்மை வந்தடைந்துவிடும். 28.9-ஐ 5.3 ஆல் வகுத்துப் பாருங்கள்; நமக்குத் தோன்றும் வேகம் அதுதான், உண்மை வேகம் அன்று.

கேள்வி கேட்டவர்:
தாளில் போட்டுப் பார்த்தேன், ஐந்தரை மடங்கு வருகிறது. மிக்க நன்றி ஐயா. 1918-இல் லிக் ஆய்வகத்தில் வானியலாளர் கர்ட்டிஸ் கண்டதும் ஒற்றை நேர்க்கோட்டைத்தானே? கருவின் எதிர்ப்பக்கமும் ஒரு தாரை பாய வேண்டுமே, அது எங்கே போயிற்று?

பதில் 2:
அதற்கும் இதே வேகம்தான் காரணம். அந்த வேகத்தில் வரும் பொருளின் ஒளி, செல்லும் திசையில் குவிந்து பிரகாசமாகவும் எதிர்த்திசையில் வெகுவாக மங்கியும் தெரியும். மேலே சொன்ன எண்களையே வைத்துக்கொண்டால், விலகிச் செல்லும் தாரை ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கிவிடும். ஆயினும் கருவுக்கு மிக அருகில் அதன் தடம் ரேடியோ அலைகளில் பிடிபட்டிருக்கிறது. தாரையின் ஒளி விண்மீன்களுடையது அன்று; காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு. 1956-இல் வானியலாளர் பாடே அளந்த முனைவாக்கம் (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிரும் தன்மை) அதை உறுதிசெய்தது.

பதில் 3:
கணக்கு சரி. ஆனால் முடிச்சின் வேகமும் அதிலுள்ள பொருளின் வேகமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முடிச்சு, தாரையினுள் ஓடும் அதிர்ச்சி அலையாகவும் இருக்கலாம். ஆற்றில் அலை ஒரு வேகத்திலும் நீர் வேறு வேகத்திலும் செல்வது போல. எனவே 99 விழுக்காட்டை அப்படியே தாரைப் பொருளின் வேகமாக எழுதிவிட வேண்டாம்.