ஊரிலேயே கார் பழகிவிட்டுப் போவதா, வெளிநாடு போய்ப் பழகுவதா?

பாளை அண்ணாச்சி:
நேற்று துபாய்க்காரர் ஒருவர் இங்கே அருள்வாக்கு சொல்லியிருந்தார். "வெளிநாடு போகிறவன் ஊரில் கார் பழகுவது தண்டச் செலவு. அங்கே போய் முதலிலிருந்து பழகுவதுதான் புத்தி" என்று. படித்ததும் குடித்த காபி கசந்துவிட்டது. நான் 1998-ல் இருந்து ஸ்டியரிங் பிடிக்கிறவன் வே. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் டவுன் பஸ் பொசுக்கென்று நிற்கும். பின்னால் ஆட்டோக்காரன் பம்பரை முகர்ந்துகொண்டு நிற்பான். அந்த ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், வண்டி ஒரு விரல்கடை பின்னால் போகாமல், கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, ஹாஃப் கிளட்ச்சிலேயே நிறுத்தி எடுக்கிறவன்தான் டிரைவர். அதை எந்த ஷேக் சொல்லித் தருவான்?

கடையநல்லூரான் (துபாய்):
அந்தத் துபாய்க்காரன் நான்தான் அண்ணாச்சி, நேராகவே திட்டலாம். இங்கே ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கிடையாது. இல்லாத கிளட்ச்சில் பாதி என்ன, முழுசு என்ன?

நான் ஊரில் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டுத்தான் வந்தேன். முதல் வகுப்பில் சிக்னல் விழுந்ததும் இடது கால் தானாகக் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. பக்கத்தில் இருந்த பெஷாவர் வாத்தியார் கையில் வைத்திருந்த சாயா மொத்தமும் அவர் சட்டையில். கொஞ்சம் தள்ளி, திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டேன். கொளுத்துகிற வெயிலில் வைப்பர் ஆடியது. நம் ஊர் வண்டியில் வலது கையில் இருக்கிற தண்டு இங்கே இடது கையில். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. சட்டையைத் துடைத்துக்கொண்டே "இந்தியாவில் ஓட்டியிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

பாளை அண்ணாச்சி:
உம்முடைய கால் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அது கிளட்ச்சின் குற்றமா? ஹாஃப் கிளட்ச் ஒழுங்காகப் பழகியிருந்தால் கால் அடங்கியிருக்கும். பழகாமல் போனதற்கு நீரே சாட்சி.

அம்பை அக்கா (லீட்ஸ்):
எந்த நாடு என்று ஒருத்தராவது கேட்டீர்களா? இங்கிலாந்தில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் நம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம். அதற்கப்புறம் செல்லாது, மாற்றியும் தரமாட்டார்கள். தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக வர வேண்டும், பிறகு ரோட்டு டெஸ்ட். ஊரில் பழகியிருந்ததால் அந்த ஒரு வருடம் மழையில் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகாமல் தப்பித்தேன். ஆனால் டெஸ்டில் இரண்டு தடவை பெயில். ஒரு தடவை கண்ணாடி பார்க்காமல் திரும்பியதற்கு. இன்னொரு தடவை ரவுண்டானாவில் வலது பக்கம் வருகிறவனுக்கு வழிவிடாமல் மூக்கை நுழைத்ததற்கு. இரண்டுமே நம் ஊர் வண்ணாரப்பேட்டையில் கற்ற வித்தை. அப்புறம் ஒன்று, ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தால் இங்கே கியர் வண்டியைத் தொட முடியாது.

பாளை அண்ணாச்சி:
அப்படிப் போடு தங்கச்சி! வெள்ளைக்காரனே கியர் வண்டிக்குத் தனி மரியாதை வைத்திருக்கிறான். ஹாஃப் கிளட்ச் என்றால் சும்மாவா?

அம்பை அக்கா (லீட்ஸ்):
நான் எழுதியதில் கடைசி வரி மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டதா? பழைய பழக்கத்தை விடத்தான் அண்ணாச்சி எனக்குக் காசு போனது.

தச்சநல்லூர் தம்பி:
அண்ணாச்சிமாரே, கேள்வி என்னுடையது. இரண்டு மாதத்தில் துபாய் போகிறேன். லைசென்ஸ் இல்லாதவனுக்கு அங்கே 20 மணி நேர வகுப்பு, ஊர் லைசென்ஸ் எடுத்து 2 முதல் 5 வருடம் ஆகியிருந்தால் 15, அதற்கு மேல் என்றால் 10 என்கிறார்கள். நான் இன்றைக்கு எல்எல்ஆர் போட்டாலும் 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போக முடியும். எடுப்பதில் எனக்கு ஏதாவது லாபம் உண்டா?

கடையநல்லூரான் (துபாய்):
எடுத்த கையோடு வருகிறவனுக்கு ஒரு மணி நேரம்கூடக் குறையாது தம்பி. நான் நேற்றும் இதைத்தான் சொன்னேன்.

பாளை அண்ணாச்சி:
பார்த்தீர்களா, ஊர் லைசென்ஸுக்குப் பத்து மணி நேரம் மிச்சம் என்று கணக்கே வந்துவிட்டது. அது போக, கடையநல்லூர் 2019-லேயே தென்காசி மாவட்டம் ஆகிவிட்டது. உம்முடைய வண்டி டிஎன் 76. திருநெல்வேலி மேம்பாலத்தைப் பற்றி டிஎன் 72-காரன் பேசிக்கொள்கிறான்.

கடையநல்லூரான் (துபாய்):
மாவட்டத்தைப் பிரித்தால் வாயையும் பிரித்துக் கொடுத்தார்களா? சரி, மேம்பாலம் என்றே வருவோம். இரண்டு வருடம் முன்னால் ஆனித் தேருக்கு வந்திருந்தேன். உங்கள் காரில்தான் ஏறினேன். அதே மேம்பாலத்தில், அதே டவுன் பஸ் பின்னால், வண்டி மூன்று தடவை ஆஃப் ஆனது. கிளட்ச் தீய்ந்த நாற்றம் தாங்காமல் கண்ணாடியை இறக்கினேன். நடுவழியில் இறங்கி டயருக்குக் கல் வைத்தது யார் என்று இங்கே சொல்லட்டுமா?

பாளை அண்ணாச்சி:
இரண்டு தடவைதான். அதுவும் பெட்ரோலில் தண்ணீர்.

பேட்டை பொதுஜனம்:
அந்தப் பாலம் 1973-ல் திறந்தது. கீழ் அடுக்கு இருசக்கர வண்டிகளுக்கு. அண்ணாச்சி எந்த அடுக்கில் ஏறினார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். லைசென்ஸ் எடுத்த கதையும் தெரியும், பைக்கில் எட்டு போட்டதோடு சரி.

பாளை அண்ணாச்சி:
எட்டு, ரிவர்ஸ் எல்லாம் ஒரே நாளில் முடித்தவன் நான். உம்மைப் போல மூன்று தடவை கால் ஊன்றவில்லை.

டொராண்டோ மக்கா:
கனடா வருகிறவர்களுக்கு: ஒன்டாரியோவில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் இருந்தால் காத்திருக்கும் காலமே இல்லை, கண் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் முடித்ததும் நேராகக் கடைசி ரோட்டு டெஸ்டுக்குப் போகலாம். அனுபவத்துக்கு லைசென்ஸ் கொடுத்த ஆபீஸின் கடிதம் வேண்டும். கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

கடையநல்லூரான் (துபாய்):
கடிதம் கிடக்கட்டும். பெட்ரோலில் தண்ணீர் என்றால் நாற்றம் எப்படி கிளட்ச்சிலிருந்து வந்தது?

பாளை அண்ணாச்சி:
அது முன்னால் போன பஸ்ஸுடைய நாற்றம். ஹாஃப் கிளட்ச் பிடிக்கத் தெரியாதவனுக்கு எந்த நாற்றம் யாருடையது என்று எப்படித் தெரியும்? அடுத்த தேருக்கு வாரும், அதே இடத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டுகிறேன்.

கடையநல்லூரான் (துபாய்):
வருகிறேன். கல்லை நானே கொண்டு வருகிறேன்.

தச்சநல்லூர் தம்பி:
அப்போது நான் எல்எல்ஆர் போடவா, வேண்டாமா?

பேட்டை பொதுஜனம்:
இரு தம்பி, எந்த அடுக்கு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.