ஏழு மாதக் குழந்தையுடன் டிசம்பரில் ஊட்டி: போகலாமா, கூடாதா?

திருப்பூர்த் தாய்:
எங்கள் மகளுக்கு ஏழு மாதம் நடக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஊட்டியில் இரண்டு இரவு தங்குவதற்குக் கணவர் காட்டேஜ் பதிவு செய்துவிட்டார். மாமியாரோ, ஒரு வயது முடியும்வரை மலையேறவே கூடாது என்கிறார். கைக்குழந்தையுடன் சென்றவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கள் மாமியார் சொல்வதே சரி, அம்மா. அந்த நாட்களில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுக்க உறைபனி கொட்டும். மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் காட்டக் காத்திருக்கையில் வியர்த்துக் கொட்டும் குழந்தை, இரண்டு மணி நேரத்தில் ஸ்வெட்டருக்குள் புதைந்து கிடக்கும். சென்ற ஆண்டு என் பேத்தியை எட்டு மாதத்தில் அழைத்துச் சென்றோம். பர்லியாறு தாண்டியதும் தொடங்கிய அழுகை குன்னூர் வரை ஓயவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கும் முடிவதற்குள் மருமகளின் புடவையில் மூன்று முறை கக்கிவிட்டாள். தொட்டபெட்டாவில் அவள் என்ன கண்டாள்? அங்கும் தாயின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்னூர்க்காரி:
ஐயா, நீலகிரியில் குழந்தைகள் பிறப்பதே இல்லையா? ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். உங்கள் பேத்தியை அழவைத்தது காதாக இருக்கலாம். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் செவிப்பறைக்குப் பின்னாலுள்ள காற்று விரிந்து அதை நெருக்குகிறது. நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வதைக் குழந்தை பால் குடிக்கும்போது செய்துகொள்கிறது. ஆகவே பர்லியாற்றில் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், சகோதரி. ஓடும் வண்டியில் வேண்டாம். சளி இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அங்கேயே வளரும் குழந்தை வேறு, ஒரே பகலில் ஏறும் குழந்தை வேறு. காதைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவுக்கு என்ன வழி? நாங்கள் தங்கிய விடுதியில் இதமாக இருக்கும் என்று சொல்லிக் கரிக்கணப்பை அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

குன்னூர்க்காரி:
அதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. கதவடைத்த அறையில் கரி கனியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துவிடக்கூடும். பருத்தி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலே போதும். முகத்தில் சரியும் கனத்த கம்பளி ஆபத்து. இன்னொன்று, ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் கஞ்சி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். என் நாத்தனார் அதை மறந்து அரைவேக்காட்டுக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, குழந்தை துப்பியதற்கு ஊரைக் குறை சொன்னாள்.

திருப்பூர்த் தாய்:
கணவரிடம் பேசி, ஊட்டிக்குப் பதிலாக ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் அறை எடுத்திருக்கிறோம். கணப்பை அறைக்குள் வைப்பதில்லை என்று விடுதியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மாமியாரும் உடன் வருகிறார். குழந்தையைத் தம் கையிலிருந்து இறக்கப்போவதில்லை என்பது அவருடைய நிபந்தனை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
குன்னூரிலும் டிசம்பரில் குளிர்தான், அம்மா. மார்ச் வரை பொறுத்தால் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும், பனியும் விலகியிருக்கும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.